சத்தியம் வேண்டாம், துணை வேண்டும்

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவும் மீட்கவும் குடும்பத்தினருக்கு ஒரு வழிகாட்டி

மகனோ மகளோ தன் உடலில் தானே காயம் ஏற்படுத்திக்கொள்வதை முதன்முறையாக அறியும் பெற்றோர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் அடிக்கின்றனர். சிலர் உடைந்து அழுகின்றனர். வேறு சிலர் பிள்ளையின் கையைத் தம் தலைமேல் வைத்து, "இனிமேல் செய்ய மாட்டேன் என்று என்மேல் சத்தியம் செய்" என்று கேட்கின்றனர். மூன்றும் அச்சத்தாலும் அன்பாலும் எழுபவையே. ஆயினும் மூன்றும் பிள்ளையை உதவியிலிருந்து விலக்கிவிடக்கூடும். அவற்றுள் மென்மையானதாகத் தோன்றும் சத்தியம்கூடத் தீங்கு செய்யலாம். அது ஏன், அதற்கு மாற்றாக என்ன செய்யலாம், சிகிச்சை எவ்வாறு நடைபெறும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இது எது, எது அன்று?

இறக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்றி, தாங்க இயலாத மனவலியைத் தணிப்பதற்காக ஒருவர் தம் உடலில் வேண்டுமென்றே காயம் ஏற்படுத்திக்கொள்வதை மனநல மருத்துவத்தில் 'தற்கொலை நோக்கமற்ற சுயகாயம்' என்கின்றனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, இதனை மேலும் ஆராயப்பட வேண்டிய தனி நிலையாகக் குறிப்பிட்டது. ஓராண்டில் ஐந்து நாள்களோ அதற்கு மேலோ இது நிகழ்வதை அந்நூல் ஓர் அளவுகோலாகக் கொள்கிறது. ஆனால் உதவி நாட ஐந்து முறை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருமுறை நிகழ்ந்தாலே பேசத் தொடங்கலாம்.

காது குத்துதல், பச்சை குத்துதல், ஆடித் திருவிழாவில் நேர்த்திக்கடனுக்காக அலகு குத்துதல், தீ மிதித்தல் ஆகியவை இதில் சேரா. அவை ஊர் அறிய, உறவினர் சூழ, நம்பிக்கையோடு செய்யப்படுபவை. சுயகாயமோ தனிமையில் நிகழ்ந்து, வெட்கத்தோடு மறைக்கப்படுகிறது. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் தலையை மோதிக்கொள்வதும், காதில் குரல்கள் கேட்பதாகக் கூறுவோர் தம்மைத் தாக்கிக்கொள்வதும் வேறு வகை. அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் அணுகுமுறை வேறு.

இது நம் வீட்டில் மட்டும் நேர்ந்த அவமானம் என்று பல பெற்றோர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வுரை, வளரிளம் பருவத்தினருள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் வாழ்வில் ஒருமுறையேனும் இவ்வாறு செய்திருப்பதாகக் கணக்கிட்டது. இளைஞர்களிடையே இவ்வளவு ஏறத்தாழ 13 விழுக்காடு. முதிர்ந்தோரிடையே 5 முதல் 6 விழுக்காடு. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்பதும் தவறு. ஆண்பிள்ளைகளிடம் இது 'முன்கோபம்' என்ற பெயரில் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது.

ஏன் செய்கின்றனர்?

வலி தரும் ஒன்றை ஒருவர் நாடிச் செய்வது எப்படி என்பதே பெற்றோரை மிகவும் குழப்பும் வினா. விடை இதுதான்: உடல்வலியைத் தேடி அவர்கள் போவதில்லை. அதனினும் பெரிய ஒன்றிலிருந்து தப்பவே முயல்கின்றனர்.

சினம், அவமானம், பதற்றம், தனிமை ஆகியவை வெள்ளம்போல் எழும்போது சிலருக்குச் சுயகாயம் அந்த வெள்ளத்தைச் சிறிது நேரம் தணிக்கிறது. வேறு சிலர் மனம் மரத்துப்போய், எதையும் உணர முடியாத வெறுமையில் இருக்கின்றனர். உயிரோடு இருப்பதை உணர்வதற்காக இதைச் செய்வதாகக் கூறுகின்றனர். சிலர் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கின்றனர். சிலருக்குத் தம் துன்பத்தை வெளிப்படுத்தச் சொற்கள் கிடைப்பதில்லை.

தணிவு கிடைப்பது உண்மை. ஆனால் அது சில நிமிடங்களே நீடிக்கும். அதன்பின் குற்றவுணர்வும் 'யாரேனும் பார்த்துவிடுவார்களோ' என்னும் அச்சமும் வருகின்றன. அவையே அடுத்த வெள்ளத்துக்கு மழையாகின்றன. இவ்வாறு ஒரு சுழற்சி உருவாகிறது. பிள்ளைக்குப் பிடிவாதம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தச் சுழற்சியே.

"கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறாள்" என்று உறவினர் சொல்வதுண்டு. பெரும்பாலோர் மாதக்கணக்கில் மறைத்தே வைக்கின்றனர் என்பதே இதற்குப் போதிய மறுமொழி. ஒருவேளை அது உதவிக்கான அழைப்பாகவே இருந்தாலும் இகழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. பசித்து அழும் குழந்தையைப் பார்த்து, "சோற்றுக்காகத்தான் அழுகிறது" என்று யாரும் புறக்கணிப்பதில்லை.

நம் பகுதிக்கு உரிய சூழல்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பல குடும்பத்தினர் ஆண்டில் சில மாதங்கள் கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பாட்டி, தாத்தாவிடமோ உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ தங்குகின்றனர். பேச்சு வழக்கையும் ஊரையும் சொல்லிக் கேலி செய்யப்படுவது, தேர்வுச் சுமை, வீட்டில் மது, முறிந்த நட்பு அல்லது காதல், யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் துன்புறுத்தல் ஆகியவை பிள்ளையின் மனத்தை அழுத்தலாம். தம் பாலின அடையாளத்தைக் குடும்பம் ஏற்காதோ என்று அஞ்சும் பிள்ளைகளுக்கும் இந்த அழுத்தம் மிகுதி. கூவாகம் திருவிழாவை நடத்தும் மாவட்டம் நம்முடையது. அந்தப் பிள்ளைகளின் அச்சத்தை நாமே முதலில் போக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றைக் கண்டதும், "இதுதான் காரணம்" என்று முடிவுகட்டி யார்மேலும் பழி போட வேண்டாம். அதே சூழலில் வாழும் எத்தனையோ பிள்ளைகள் இவ்வாறு செய்வதில்லை. காரணங்கள் பல இழைகளாகப் பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது சிகிச்சையின் வேலை.

சத்தியம் ஏன் உதவுவதில்லை?

பிள்ளைக்கு அந்த நேரத்தில் தெரிந்த தணிவு வழி அது ஒன்றுதான். வேறு வழியைக் கற்றுக்கொடுக்காமல் அதை மட்டும் பறித்துக்கொள்வது, நீந்தத் தெரியாதவனிடமிருந்து கட்டையைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். அடுத்த வெள்ளம் வரும்போது சத்தியம் பெரும்பாலும் உடைகிறது. உடைந்தபின், "அம்மாவின்மேல் செய்த சத்தியத்தையும் மீறிவிட்டேன், அம்மாவுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ" என்னும் குற்றவுணர்வு முன்னிருந்த வலியோடு சேர்கிறது. அதன்பின் பிள்ளை செய்யக்கூடிய ஒரே செயல் மேலும் ஆழமாக மறைப்பது. வீட்டில் சத்தியம் இருக்கிறது. உண்மை இல்லாமல் போகிறது.

சத்தியத்துக்கு மாற்றாக ஒரு சிறிய உடன்பாடு போதும்: "அந்த எண்ணம் வரும்போது என்னிடம் வந்து சொல். செய்துவிட்டாலும் சொல். நான் திட்ட மாட்டேன்." இந்த உடன்பாட்டில் உறுதியளிப்பவர் பெற்றோர். அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே.

நாள்தோறும் கை கால்களைச் சோதிப்பது, உறவினர் முன் தழும்பைக் காட்டச் சொல்வது, "எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய்" என்பது ஆகியவையும் இதே விளைவைத்தான் தருகின்றன.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

முதலில் காயம். ஓடும் தூய நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் முதலியவற்றை அப்ப வேண்டாம். அவை தொற்றை உண்டாக்கலாம். காயம் ஆழமாக இருந்தாலோ, அழுத்திப் பிடித்தும் குருதி நிற்காவிட்டாலோ, சீழும் காய்ச்சலும் கண்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பிள்ளை எந்த மாத்திரையையேனும் அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால், நலமாகத் தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

அடுத்தது சொல். நெடிய அறிவுரை வேண்டாம். உங்கள் வீட்டு வழக்கில் இவ்வளவு சொன்னால் போதும்: "கண்ணு, கையில காயத்தைப் பார்த்தேன். எனக்குக் கோவம் இல்ல. உனக்கு எவ்வளவு கஷ்டம்னா இப்படி ஆகியிருக்கும். இப்பச் சொல்லத் தோணலன்னாலும் பரவாயில்ல. நான் இங்கதான் இருக்கேன்." பிள்ளை மௌனமாக இருந்தால் அருகில் அமர்ந்திருங்கள். "ஏன் செய்தாய்?" என்பது குற்ற விசாரணையாகக் கேட்கும். "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்பது கதை கேட்பதுபோல் இருக்கும், அதற்கு விடை எளிதில் வரும்.

மூன்றாவது, நேரான ஒரு வினா: "சாகணும்னு எப்பவாவது தோணுதா?" இவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. அமைதியாகக் கேட்கப்படும்போது மறைத்துவைத்த சுமையை இறக்கிவைக்க வழி கிடைக்கிறது.

காவல்துறை வழக்கு வருமோ என்னும் தயக்கத்தால் சிலர் மருத்துவமனைக்கு வருவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவுக்கு நிகரான பொதுப் பிரிவு இல்லை. மருத்துவமனையில் காயம் பற்றிய பதிவு செய்யப்படலாம். அதற்காகச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம். மனநலச் சிகிச்சை பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படுவதையும் அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது.

தற்கொலையோடு என்ன தொடர்பு?

சுயகாயமும் தற்கொலை முயற்சியும் ஒன்றல்ல. ஆயினும் சுயகாயம் தொடரும் ஒருவருக்குப் பிற்காலத்தில் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. எனவே பதறவும் வேண்டாம்; "சும்மா செய்கிறான்" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

சாவைப் பற்றிப் பேசுவது அல்லது எழுதுவது, விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்பது, காயங்கள் மிகுவது, உறக்கமும் உணவும் அறவே குறைவது ஆகியவை தென்பட்டால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள். முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பதை ஓர் அடையாளமாகச் சொல்வதுண்டு. வெள்ளிமலைக் குளிரில் எல்லோரும்தான் முழுக்கை அணிவர். ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உழவுக் குடும்பங்கள் ஒன்றை இன்றே செய்ய வேண்டும். பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே பூட்டிவைத்துச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டியின் மாத்திரைகளையும் அவ்வாறே காத்துவையுங்கள். மன வெள்ளம் வந்து வடியும் நேரம் குறுகியது; அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காக்கும். நம் அண்டை மாவட்டமான கடலூரின் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டிய பெட்டிகளுக்குள் பூச்சிமருந்துகளை வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2013இல் வெளியான அந்த ஆய்வு, உழவர்கள் இம்முறையை ஏற்றுக்கொள்வர் என்று காட்டியது. சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதில் முன்னின்றார்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

முதல் சந்திப்பில் மனநல மருத்துவரோ உளவியலாளரோ பிள்ளையோடு தனியாகவும், பின்னர்க் குடும்பத்தோடும் பேசுவார். எப்போது தொடங்கியது, எதற்குப்பின் வருகிறது, மனச்சோர்வு, பதற்றம், போதைப்பழக்கம் போன்றவை உடன் இருக்கின்றனவா என்று கேட்டறிவார். பிள்ளை தனியாகச் சொன்னவற்றை அவரிடம் துருவிக் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் அவரே உங்களிடம் கூறுவார்.

சுயகாயத்துக்கென்றே தனி மாத்திரை இல்லை. உடன் மனச்சோர்வோ பதற்றநோயோ இருந்தால் அதற்கு மருந்து தரப்படும். அதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. முதன்மையான சிகிச்சை பேச்சு வழியாகக் கற்பிக்கப்படும் திறன்களே.

அவ்வகைச் சிகிச்சைகளுள் மிகுதியாக ஆராயப்பட்ட ஒன்று, 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி'. இதனை உருவாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஷா லினஹன். இதன் பயனைக் காட்டும் முதல் ஆய்வை அவர் 1991இல் வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 2011இல், அவர் ஓர் உண்மையை வெளிப்படையாகக் கூறினார்: 1961இல், தம் 17ஆம் வயதில், தம்மைத் தாமே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டதால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவரும் அங்கே இருந்தவர். அதே மருத்துவமனையில் நின்றுதான் அதைச் சொன்னார். "இந்தப் பிள்ளை தேறுமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

இச்சிகிச்சை நான்கு திறன்களைக் கற்பிக்கிறது. இந்த நொடியில் என்ன உணர்கிறேன் என்பதைக் கவனித்தல். துன்ப நேரத்தை நிலைமை மோசமாகாமல் கடத்தல். உணர்ச்சிக்குப் பெயரிட்டு அதைக் கையாளுதல். உறவு கெடாமல் தன் தேவையைச் சொல்லுதலும் மறுத்தலும். நார்வேயில் 77 வளரிளம் பருவத்தினரிடம் 19 வாரங்கள் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், இம்முறையின் சுருக்கமான வடிவம் வழக்கமான சிகிச்சையைவிடச் சுயகாயத்தை மிகுதியாகக் குறைத்தது. முழுமையான வடிவம் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆனால் இத்திறன்களையும், எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், குடும்ப ஆலோசனையையும் பெற மனநலப் பிரிவில் கேளுங்கள்.

மலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உண்மையான தடை. முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவது, இடையே யாரோடு தொலைபேசியில் பேசுவது என்பதை அதற்கேற்பத் திட்டமிடலாம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. கோயிலுக்குப் போங்கள், மருத்துவரிடமும் வாருங்கள்.

வெள்ளம் எழும்போது

கீழ்க்கண்டவற்றை அமைதியான ஒரு நாளில் பிள்ளையோடு சேர்ந்து தாளில் எழுதி வையுங்கள்.

1. பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுதல். அது கடந்தால் மீண்டும் பதினைந்து நிமிடம்.
2. குளிர்ந்த நீரால் முகத்தைக் கழுவுதல்; மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுதல்.
3. விரைந்து நடத்தல், தண்ணீர் எடுத்தல், முற்றம் பெருக்குதல் போன்ற உடலுழைப்பு.
4. மனத்தில் இருப்பதை எழுதுதல், வரைதல்; விரும்பினால் கிழித்துப் போடுதல்.
5. நம்பும் ஒருவரின் அருகில் போய் அமர்தல். பேச வேண்டிய கட்டாயம் இல்லை.
6. அழைக்க வேண்டிய மூவரின் பெயரும் எண்ணும்.

வேறு வகையில் வலியை உண்டாக்கும் மாற்று வழிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வலியே தணிவு என்னும் பழக்கத்தை அவை நீட்டிக்கின்றன.

ஆசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும்

காயத்தைக் கண்டால் வகுப்பின் முன் கேட்காமல் தனியே அழைத்துப் பேசுங்கள். பள்ளியிலிருந்து நீக்குவதாக அச்சுறுத்தாதீர்கள். காயம் பற்றிய விவரமும் படமும் மாணவரிடையே பரவாமல் பாருங்கள். இது ஒருவரைக் கண்டு மற்றவரிடம் பரவக்கூடியது. பெற்றோரிடம் சொல்லும் முன், "உங்க வீட்டுல சொல்லணும். எப்படிச் சொல்லலாம்னு சேர்ந்து யோசிப்போம்" என்று பிள்ளையிடம் கூறுங்கள். வீட்டிலேயே துன்புறுத்தல் இருப்பதாகத் தெரிந்தால் 1098ஐ அழையுங்கள்.

தேறி வருவதை எப்படி அறிவது?

சுயகாயம் ஒரே நாளில் நிற்பதில்லை. பல வாரங்கள் இல்லாமல் இருந்து, ஒரு தேர்வுக்கு முன்னோ ஒரு சண்டைக்குப் பின்னோ மீண்டும் நிகழலாம். அது தோல்வி அன்று. எந்தத் திறன் அந்த இடத்தில் போதவில்லை என்று பார்க்க வேண்டிய நேரம் அது. பெரும்பாலோரிடம் வயது முதிர முதிர இப்பழக்கம் குறைந்து மறைகிறது.

தழும்பைப் பார்த்து, "நாளைக்குக் கலியாணம் எப்படி ஆகும்?" என்று பிள்ளை காதுபடப் பேச வேண்டாம். தழும்புகள் காலப்போக்கில் மங்கும். தேவையெனில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம்.

பராமரிப்போரும் களைத்துப்போவர். "எங்கே தவறினேன்" என்று இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் ஆலோசனை தேவைப்படலாம், தயங்காமல் கேளுங்கள்.

காயங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். ஒரு நாள் பிள்ளை தானாக வந்து, "இன்னைக்கு அந்த மாதிரித் தோணுச்சும்மா" என்று சொல்லும். அன்று காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறைக்கும் பழக்கம் உடைந்துவிட்டது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு அருகில் அமருங்கள்.

உதவி பெற

டெலி மானஸ், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை: 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.
தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி மையம்: 104
குழந்தைகள் உதவி எண்: 1098
அவசர ஊர்தி: 108
ஸ்நேகா, சென்னை: 044-24640050
நேரில்: சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் உங்கள் பகுதிக்கு வரும் நாளை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.